கார்ல பெட்ரோல் பம்ப் மாத்தின அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆவலையா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். சென்னை வியாசர்பாடில மெக்கானிக் ஷெட் வெச்சிருக்கேன், 22 வருஷமா இதே வேலைதான். பெட்ரோல் லைன்ல எதையாவது மாத்தி ஸ்டார்டிங் பிரச்சனை வந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, கேட்டவங்க ஏரியா பேர முன்னாடி போட்டிருக்கேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டி கை வெச்சதுக்கு அப்புறம் படுத்துச்சுன்னா கை வெச்ச எடத்துலதான் முதல்ல பாக்கணும், அத விட்டுட்டு காயில், ஈசிஎம் (என்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்)னு காச கொட்டாதீங்க.

கொடுங்கையூர்: அண்ணா, பழைய சான்ட்ரோ. பம்ப் வீக்னு பெரிய பம்பா போட்டோம். காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் எடுக்குது, அப்புறம் நாள் பூரா ஒரே அடில ஸ்டார்ட். பேட்டரி புதுசு.

பேட்டரிய விடுங்க தம்பி, ராத்திரி பூரா லைன்ல நிக்க வேண்டிய பிரஷர் இறங்கிப் போவுது. நாளைக்கு காலைல செல்ஃப் அடிக்காம சாவிய ஆன் பண்ணுங்க, பின் சீட்டுக்கு கீழ பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஊய்னு ஓடி நிக்கும், சாவிய ஆஃப் பண்ணுங்க, இதே மாதிரி மூணு தடவ செஞ்சுட்டு அப்புறம் அடிங்க. டக்குனு எடுத்துச்சுன்னா பிரஷர் லீக்தான். பம்புக்குள்ள இருக்குற ஒன்வே வால்வ் புடிக்காம பெட்ரோல் திரும்ப டேங்குக்கே போவலாம், டேங்குக்குள்ள ஓ-ரிங் (லீக் ஆவாம அடைக்கிற ரப்பர் வளையம்) சரியா உக்காராம இருக்கலாம், என்ஜினுக்குள்ள பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர் சொட்டலாம். ஃப்யூவல் ரெயில்ல, அதாவது இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோல் பிரிச்சு விடுற பைப்ல, பிரஷர் கேஜ் போட்டா 3 பார் (பிரஷர் அளவு) பக்கமா வரணும், சாவி ஆஃப் பண்ண அப்புறமும் பத்து நிமிஷம் பெருசா இறங்கக்கூடாது. இறங்குதுன்னா பிரஷர் ஏத்திட்டு, கேஜுக்கும் டேங்குக்கும் நடுவுல ரப்பர் ஹோஸ கிளாம்ப் போட்டு அடைச்சுப் பாருங்க, அப்பவும் முள்ளு இறங்குனா இன்ஜெக்டர் பக்கம், நின்னுச்சுன்னா டேங்க் பக்கம். பிளாஸ்டிக் பைப்ப மட்டும் பிளையர் போட்டு நசுக்கிடாதீங்க, விரிசல் விட்டுடும்.

தண்டையார்பேட்டை: மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மெக்கானிக்கல் பம்ப் போயிடுச்சுன்னு எலக்ட்ரிக் பம்ப் போட்டாங்க. சூட்டுல நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆவல, பெட்ரோல் வாட வேற அடிக்குது.

அய்யோ, இத தள்ளிப் போடாதீங்க சார். உங்களுக்கு இன்ஜெக்ஷன் வண்டி பம்ப போட்டிருப்பாங்க போல. கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ (இதுவும் பிரஷர் அளவுதான், பார விட சின்னது) போதும், இன்ஜெக்ஷன் வண்டி பம்ப் 40க்கு மேல தள்ளும், கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல நிறுத்துற அந்த குட்டி நீடில் வால்வ் அத எப்படி தாங்கும்? இப்படித்தான் ஒரு 800 என் ஷெட்டுக்கு வந்துச்சு, வேற எடத்துல பம்ப் மாட்டியிருந்தாங்க. ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க உருவுனேன், ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல விரல் அளவு ஏறி நிக்குது, தண்ணி மாதிரி சொட்டுது, மூக்குல வெச்சா குப்புன்னு பெட்ரோல். அந்த ஆயில்லயே ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும். நீங்களும் இன்னிக்கே டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, வாட வந்தா ஆயில், ஆயில் ஃபில்டர் மாத்தாம செல்ஃப் அடிக்காதீங்க. அப்புறம் கார்புரேட்டருக்குன்னே வர்ற லோ பிரஷர் பம்ப் போடுங்க, என்ஜின் நின்னா பம்பும் நிக்கிற மாதிரி ரிலே (கரண்ட்ட தானா கட் பண்ற சுவிட்ச்) கட்டாயம் வேணும். ஹோஸும் பழசுன்னா மாத்திடுங்க, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஊறிப்போய் விரிசல் விட்டுடும்.

ராயபுரம்: புது பம்ப் போட்டு ஒரு மாசம்தான் ஆச்சு, திடீர்னு சத்தமே இல்ல. பம்ப் டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனா அத கடைசியா பாப்போம். ஃப்யூஸ், ரிலே பாத்துட்டு பம்ப் கனெக்டர கழட்டி பின்ன பாருங்கம்மா. காசிமேடு, ராயபுரம் பக்கம் வர்ற வண்டில இத நான் அடிக்கடி பாக்குறேன், உப்புக்காத்து பட்டு செம்பு பச்சையா பூத்து கெடக்கும், எர்த் போல்ட் துரு ஏறியிருக்கும். பெரிய பம்ப் கரண்ட் அதிகமா இழுக்கும், பழைய மெல்லிசு வயர் சூடாகி கனெக்டரே உருகிடும். வோல்ட் மீட்டர் வெக்கும்போது கனெக்டர் மாட்டியிருக்கணும், சாவி ஆன் பண்ணதும் பம்புக்கு கரண்ட் போற அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான் அளக்கணும். கழட்டி வெச்சு அளந்தா அழுகுன வயர்ல கூட 12 வோல்ட் காட்டும்.

மணலி: வேகன்ஆர்ல சிஎன்ஜி கிட் போட்டோம். கேஸ்ல ஓடுது, காலைல பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது.

டேங்க்ல பெட்ரோல் எவ்ளோ ப்ரோ? கேஸ் போட்டாச்சுன்னு ரிசர்வ்லயே விட்டுடுறோம். டேங்குக்குள்ள இருக்குற பெட்ரோல் பம்ப குளுத்துறதே சுத்தி நிக்கிற பெட்ரோல்தான், வறண்டு ஓடுனா கருகிடும். கால் டேங்க் எப்பவும் வெச்சிருங்க, வாரத்துல கொஞ்ச தூரம் பெட்ரோல்ல ஓட்டுங்க.

எண்ணூர்: ஸ்விஃப்ட்ல பெரிய இன்ஜெக்டர் போட்டேன், ஸ்டார்ட் பண்ணா பிளக் கருப்பாகி நனைஞ்சிடுது.

ஈசிஎம்ல புது இன்ஜெக்டருக்கு ஏத்த மாதிரி டியூன் பண்ணாம போட்டீங்களா? ஈசிஎம் இன்னும் பழைய இன்ஜெக்டர் கணக்குலதான் தெறந்து மூடுது, அதனால பெட்ரோல் அதிகமா கொட்டுது. இப்போதைக்கு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு செல்ஃப் அடிங்க, நிறைய வண்டில அப்படி மிதிச்சா இன்ஜெக்டர் கட் ஆகி உள்ள நனைஞ்சது காயும். டியூன் பண்ற வரைக்கும் பழைய இன்ஜெக்டரயே மாட்டி ஓட்டுங்க.

பெரம்பூர்: நானே பம்ப் கழட்டலாமா?

கழட்டலாம், ஆனா பம்ப் ஃப்யூஸ புடுங்கிட்டு என்ஜின் தானா ஆஃப் ஆவுற வரைக்கும் ஓட விட்டு, பேட்டரி நெகட்டிவ கழட்டுன அப்புறம்தான் லைன தொடணும். பிரஷரோட தெறந்தா மூஞ்சிலயே பீச்சும். மூடுன எடத்துல செய்யாதீங்க, பக்கத்துல சாமி விளக்கு கூட எரியக்கூடாது.

கொடுங்கையூர்: அண்ணா, மூணு தடவ சாவி போட்டு அடிச்சேன், உடனே எடுத்துச்சு. வேற பம்ப் வாங்கிடவா?

வாங்காதீங்க தம்பி, இன்ஜெக்டர் சொட்டுனாலும் இதே மாதிரிதான் எடுக்கும். சனிக்கிழம ராத்திரி வண்டிய விட்டுட்டுப் போங்க, காலைல நீங்க வந்ததும் கேஜ் போட்டு ரெண்டு பேரும் சேந்தே பாப்போம்.