சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாற விரும்பும் நிறுவனங்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆலையில் கழிவைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறோம். இதையே சுழற்சிப் பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: செய்த பொருளையும் அதன் பாகங்களையும் கழிவாக விடாமல் முடிந்தவரை நீண்ட காலம் பயன்பாட்டில் வைத்திருப்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம். அதன் கடைசிப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்லலாம். ஒரு பொருளைச் செய்யச் செலவான உழைப்பும் துல்லியமும் அதை உருக்கியவுடன் போய்விடுகின்றன. மிஞ்சுவது மூலப்பொருள் மட்டுமே. பழுதுபார்க்கவோ, மறுபடி பயன்படுத்தவோ, பாகங்களைப் புதுப்பித்துப் பொருத்தும் மறுஉற்பத்திக்கோ வழியில்லாதபோதுதான் உலையைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் உள்ள அலுமினியப் பாகத்தை அப்படியே மீண்டும் பொருத்தினால் அந்த உலையே தேவைப்படாது.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது, ஐயா? ஆலோசகர்கள் காட்டும் வரைபடங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்: வரைபடங்களை ஓரமாக வையுங்கள். பயன்பாடு முடிந்த உங்கள் பொருள்களில் பத்தைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்து, பழுதுபார்ப்பவர் ஒருவரையும் வடிவமைப்பாளர் ஒருவரையும் அருகருகே உட்காரவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எத்தனை வகைத் திருப்புளி தேவைப்பட்டது, திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை இருந்ததால் எந்த மூடி விரிசல் விட்டது, எது தேய்ந்திருக்கிறது, எது புதிதுபோலவே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மொத்தப் பொருளையும் குப்பைக்கு அனுப்பியது ஒரு சின்ன ரப்பர் வளையம் அல்லது கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட ஒரு மின்கலம் என்பது பல சமயங்களில் அந்த மேசையில்தான் தெரியவரும். அடுத்த வடிவமைப்பில் மாற்ற வேண்டியவை அந்தக் குறிப்பிலேயே இருக்கும். முறையான வழிகாட்டி வேண்டுமென்றால் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2024-இல் வெளியிட்ட 59010 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அது உங்களுக்குப் பேசும்.

கேள்வி: பழைய பொருளைத் திருப்பித் தரும்படி கேட்டால் வாடிக்கையாளர்கள் தருவதே இல்லை.

பதில்: வெறும் வேண்டுகோளுக்காக யாரும் தரமாட்டார்கள், தருவதில் ஆதாயம் இருந்தால் தேடிவந்து தருவார்கள். கட்டுமான இயந்திரங்கள் செய்யும், 1973 முதல் மறுஉற்பத்தியில் இருக்கும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் வழியைப் பாருங்கள்: புதுப்பித்த பாகத்தை வாங்குபவர் விலையோடு ஒரு வைப்புத் தொகையையும் கட்டுகிறார், பழைய பாகத்தை ஒப்படைத்ததும், அதன் நிலையைப் பொறுத்து, அந்தத் தொகை திரும்பக் கிடைக்கிறது. நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால், பழைய இரும்புக்குக் கிடைக்கும் விலையைவிட வைப்புத் தொகை தெளிவாகக் கூடுதலாக இருக்கட்டும். புதியதைக் கொண்டுபோய் இறக்கும் வண்டியே பழையதை ஏற்றிவரட்டும். வெறும் வண்டியாகத் திரும்புவதற்கும் எரிபொருள் செலவாகத்தானே செய்கிறது.

கேள்வி: விற்பதை நிறுத்திவிட்டுச் சேவையாக, வாடகைக்கு வழங்கலாமா?

பதில்: இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. செய்ய 60 ரூபாய் ஆகும் பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் பணம் அன்றே கைக்கு வருகிறது. அதையே மாதம் 4 ரூபாய் வாடகைக்கு விட்டால், செய்த செலவு திரும்பவே 15 மாதங்கள் ஆகும், பராமரிப்பு தனி. வாடகைக்குப் போகும் பொருள்கள் பெருகப் பெருக உங்கள் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், வெளியே முடங்கிக் கிடக்கும். ஆகவே வங்கியோடு பேசி முடிக்காமல் இதில் இறங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பொருள் வகையில் முயன்று பாருங்கள்.

எந்தப் பொருளுக்கு இது ஒத்துவரும் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. 1962-இல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் விமான எஞ்சினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வைத்தது. பின்னர் அந்நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸின் கைக்குப் போனது. அந்த முறை இன்றும் வாழ்கிறது. மாறாக, இன்டர்ஃபேஸ் நிறுவனம் 1990-களில் தரைவிரிப்பைக் குத்தகைக்கு விட முன்வந்தபோது மிகச் சில வாடிக்கையாளர்களே கிடைத்தார்கள். எஞ்சின் ஒருநாள் நின்றால் விமான நிறுவனத்துக்கு நஷ்டம், அதனால் அது ஓடிக்கொண்டிருப்பதற்குப் பணம் கொடுக்கிறார்கள். தரைவிரிப்பு பேசாமல் கிடக்கும் பொருள், அதற்கு மாதாமாதம் பணம் கட்ட யாருக்கும் மனம் வராது. உங்கள் பொருள் இந்த இரண்டில் எதைப் போன்றது என்று பாருங்கள்.

கேள்வி: புதுப்பித்த பொருள் எங்கள் புதுப் பொருளின் விற்பனையைக் கெடுத்துவிடாதா?

பதில்: கொஞ்சம் கெடுக்கும். நீங்கள் செய்யாவிட்டால் வேறொருவர் உங்கள் பொருளையே புதுப்பித்து விற்பார். அப்போது விற்பனையும் போகும், பெயரும் போகும்.

கேள்வி: பக்கத்து ஆலையின் கழிவை எங்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொள்வது எந்த அளவுக்கு நடைமுறைக்கு ஏற்றது?

பதில்: டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரத்தில் மின்நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளும் நீராவி, நீர், ஜிப்சம் போன்றவற்றைப் பல்லாண்டுகளாகப் பரிமாறிக்கொண்டன. அது ஒரே மூச்சில் திட்டமிட்டு வந்ததன்று. இருவர் இருவராகப் போட்ட ஒப்பந்தங்கள் கூடிக்கூடி வளர்ந்தது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பக்கத்து ஆலைக்காரர் தன் உற்பத்தி முறையை மாற்றினால் அந்தக் கழிவு ஒரே நாளில் நின்றுபோகலாம். மாற்று வழங்குநர் ஒருவரைக் கைவசம் வைத்திருங்கள். முன்னறிவிப்புக் காலத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: முன்னேற்றத்தை எந்த அளவுகோலால் பார்ப்பது?

பதில்: விற்றவற்றில் எத்தனை திரும்பி வந்தன, வந்தவற்றில் எத்தனை பாகங்கள் மறுபடி பொருளாயின என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். அதன்பின் ஆண்டு முழுவதும் வாங்கிய புதிய மூலப்பொருளின் எடையைப் பாருங்கள். முதல் இரண்டும் ஏறி, மூன்றாவது குறையவே இல்லை என்றால், புதுப்பித்த பொருள் புதியதற்கு மாற்றாக விற்கவில்லை, அதோடு கூடுதலாக விற்றிருக்கிறது.