20 வருடமா, 30 வருடமா?

கேள்வி: வாடகைக்கு விட வீடு வாங்குகிறேன். 30 வருடக் கடனில் தவணை குறைவு என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தவணையை மட்டும் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வட்டி 9 சதவீதம் என்று வையுங்கள். வாங்கும் ஒவ்வொரு நூறுக்கும் 20 வருடத்தில் சுமார் 216 கட்டுவீர்கள். 30 வருடத்தில் 290. மாதத் தவணையோ பத்தில் ஒரு பங்கு அளவுதான் குறையும்! இதற்கா பத்து வருடம் கூடுதலாகக் கட்டுவது?

ஆரம்பச் சலுகை வட்டி என்றால், அது முடிந்த பிறகு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் தவணை ஏறியது, வீட்டில் பெரிய சண்டை. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் பாருங்கள்.

அப்புறம், வாடகை 12 மாதமும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். என் வீடு நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.