ஆடத் தெரிந்தவருக்குச் சொல்லித்தரத் தெரியுமா? மால் மெனிங்காவை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: பெரிய ரக்பி வீரர்கள் பயிற்சியாளரானதும் ஏன் சோபிப்பதில்லை? மால் மெனிங்காவை விதிவிலக்கு என்கிறார்கள். அவருக்குக் கிடைத்த அணி அப்படி, யார் இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்பதுதானே உண்மை?

கேள்வியின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நான் 2007-லிருந்து பிரிஸ்பேனில் இருக்கிறேன், வெல்டிங் வேலை. இந்த "யார் இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்ற பேச்சை வேலையிடத்தில், ஆட்ட மைதானத்தில், பிறந்தநாள் விருந்தில் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நீங்கள் ஏதோ ஒரு ஆட்டத்தில் நன்றாக ஆடியவர், இப்போது பயிற்சிப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி ஏன் வரப்போகிறது? அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஆஸ்திரேலியக்காரரான மெனிங்கா ஆடியது ரக்பி லீக். ஒரு பக்கம் 13 பேர், ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். உலகக்கோப்பைச் செய்தியில் நாம் பார்க்கிற 15 பேர் ஆட்டம் ரக்பி யூனியன். 1895-ல் வட இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடித்தான் இரண்டும் பிரிந்தன. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், ஆட வருவதால் போகிற கூலிக்கு ஈடு கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். பிரிவு அதில் வந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போது எனக்குக் கோபம் வரும். உங்கள் மேல் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மெனிங்கா யார் என்று எனக்குச் சொன்னவர் என்னோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்த ஒரு பெரியவர். அவரும் மெனிங்காவைப் போலத் தென்கடல் தீவுக்காரர் வம்சம். 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல், பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் இறக்கினார்கள். ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள் உண்டு, ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. பீஜிக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனதும் அதே கரும்புக்காகத்தான் என்று நான் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றிலிருந்து மெனிங்கா எனக்கு வெறும் விளையாட்டுக்காரர் இல்லை.

1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லாங் பார்க். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் அவரவர் முதலில் ஆடத் தொடங்கிய மாநிலத்துக்காக இறங்கிய முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம். மெனிங்காவுக்கு அன்று சரியாக 20 வயசு நிறைகிறது. ஏழு உதை, ஏழும் கோல். குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. அப்போது அவர் போலீஸில் இருந்தார். போலீஸ் அகாடமியில் அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் வேன் பென்னட். பிற்பாடு பயிற்சியாளராக ஏழு பிரீமியர்ஷிப் (கிளப் கோப்பை) ஜெயித்தாரே, அதே பென்னட். அப்புறம் கான்பெரா ரெய்டர்ஸ் கிளப். 1987, 88-ல் ஒரே கை நான்கு தடவை உடைந்தது. இனி அவ்வளவுதான் என்றார்கள். 1989, 1990, 1994 என்று மூன்று கோப்பைகளைக் கேப்டனாகத் தூக்கினார். கடைசி கிளப் ஆட்டமே 1994 இறுதி ஆட்டம். எதிரணி வீசிய பந்தை நடுவில் பறித்து ஓடிப்போய் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கிற புள்ளி) வைத்துவிட்டு விடைபெற்றார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் 1997-ல், ஆடி முடித்த மூன்றாம் வருஷமே, அதே ரெய்டர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 2001 வரை ஐந்து சீசன். ஒரு தடவைகூட இறுதி ஆட்டத்தைத் தொடவில்லை. அதே 2001-ல் கான்பெராவில் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறேன் என்றார். ரேடியோவில் பேட்டி. ஏன் நிற்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வார்த்தை வராமல் நின்று, மன்னிக்கணும், விலகிக்கொள்கிறேன் என்று அங்கேயே முடித்துக்கொண்டார். அந்த ஒலிப்பதிவை இன்றும் போட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. வார்த்தை தொண்டையில் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

இப்போது என் விஷயம். உங்கள் கேள்வி என்னைச் சுட்டதே இதனால்தான்.

நான் ஊரில் கபடி ஆடியவன். தஞ்சாவூர்ப் பக்கம், கல்லூரி அணி, மாவட்ட அளவு வரை. பாடிப் போகிறவன் இல்லை, பிடிக்கிறவன். கால் பிடி என் கைக்கு வந்த வித்தை. 2013-ல் பெரியவன் இங்கே ஒன்பது வயசுக்குட்பட்டோர் லீக் அணியில் சேர்ந்தான். அணிக்கு கோச் இல்லை, பெற்றோரில் யாராவது வரவேண்டும் என்றார்கள். டேக்கிள் என்பது பிடிதானே, இதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று கையைத் தூக்கினேன். குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டிய ப்ளூ கார்டு வாங்கினேன், ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். அந்த வகுப்பைக் காதில் வாங்கவே இல்லை. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் கைக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை. "பாரு, இப்படி" என்று நானே பாய்ந்து காட்டுவேன். பையன்கள் முழிப்பார்கள். மறுபடி பாய்ந்து காட்டுவேன், இன்னும் வேகமாக. அப்புறம் குரலை உயர்த்துவேன். ஊரில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கத்துவார், நாங்கள் கற்றுக்கொண்டோம். அதுதான் முறை என்று இருந்தேன்.

கபடியில் பாடி வருகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவான், நீங்கள் காலைத் தேடிப் போகலாம். லீக்கில் பந்து வைத்திருப்பவன் முழு வேகத்தில் நேராக உங்கள் மேல் வருகிறான். அவனைப் பிடிக்கும்போது உங்கள் தலை அவன் இடுப்புக்குப் பக்கவாட்டில், பின்பக்கமாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் அவன் முழங்கால் நேராகத் தலையில் வந்து இறங்கும். அந்த ஒரு நாள் வகுப்பில் பாதி நேரம் சொன்னது இதைத்தான். நான் பிள்ளைகளுக்குச் சொன்னது "காலைப் பிடி" என்ற இரண்டு வார்த்தை.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. அணியிலேயே சின்னப் பையன், சொன்னதைத் தட்டாமல் செய்கிறவன். காலைப் பிடிக்கக் குறுக்கே பாய்ந்தான். முழங்கால் பட்டது. விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் நம் கோடு என்று கேட்டான். நான் ஓடிப்போய், "ஒண்ணும் ஆகலடா, எழுந்திரு" என்றேன். தமிழில் சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அடிபட்டபோதெல்லாம் கேட்ட வாக்கியம் அது, அப்படியே வாயில் வந்தது. அவனை மறுபடி ஆட விடலாம் என்றும் சொன்னேன். முதலுதவிக்கு நின்றிருந்த ஒரு அம்மாதான் என்னைத் தள்ளிவிட்டு அவனை வெளியே கூட்டிப்போனார். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்ப உள்ளே வரக்கூடாது. அது விதி, எனக்கும் தெரிந்த விதி.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சில வாரம் ஓய்வு என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அவன் திரும்ப வரவில்லை. வேறு வட்டாரத்துக்கு வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள். நான் அந்தப் பெற்றோரிடம் சரியாக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஏதோ பேச ஆரம்பித்தேன், வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் கோச் வேலையை விட்டுவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு "தெரியாத வேலையை ஏன் எடுத்தாய்" என்று ஒருவர் கேட்பார். கேளுங்கள், நியாயம்தான். ஆனால் அந்த அணிக்கு வேறு ஒருவரும் முன்வரவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பனியில் கோல் கம்பத்துக்குப் பஞ்சுறை கட்டியவர்கள் மட்டும் என்னைத் திட்டலாம்.

சனிக்கிழமை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். இங்கே பிள்ளைகள் படித்த தமிழ் வகுப்பும் சனிக்கிழமை காலை. ஆட்டமும் சனிக்கிழமை காலை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்குமாவது மாலைக்கு மாற்றுங்கள் என்று மூன்று வருஷம் கேட்டேன். "விளையாட்டு முக்கியமா, மொழி முக்கியமா" என்றுதான் பதில் வந்தது. ஏன் ஐயா, பத்து வயசுப் பிள்ளையை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நிறுத்துவது யார்? என் சின்னவன் தமிழ் எழுத்தைப் பாதியில் விட்டான். அதற்குப் பழி இன்றுவரை பந்தின் மேல். அந்த வருத்தம் எனக்குப் போகவே இல்லை.

சரி, மெனிங்காவுக்கு வருகிறேன். 2006-ல் குயின்ஸ்லாந்து மாநில அணியை அவரிடம் கொடுத்தார்கள். 2003, 2004, 2005 மூன்று தொடரும் தோற்றிருந்த அணி. முதல் ஆட்டம் 17-16, ஒரே புள்ளியில் தோல்வி. இரண்டாவது 30-6 வெற்றி. மூன்றாவது மெல்பர்னில். கடைசிக் கட்டம் வரை பின்தங்கியிருந்து, எதிரணி தவறாகப் போட்ட ஒரு பந்தை டேரன் லாக்யர் அள்ளிக்கொண்டு போய் ட்ரை வைத்து 16-14. அங்கே தொடங்கி 2013 வரை தொடர்ச்சியாக எட்டுத் தொடர். 2014-ல் தோல்வி, 2015-ல் மறுபடி வெற்றி. பத்துக்கு ஒன்பது.

"லாக்யர், கேமரன் ஸ்மித், தர்ஸ்டன், ஸ்லேட்டர் இருந்தால் என் பாட்டியும் ஜெயிப்பாள்" என்பதுதான் உங்கள் வாதம். லாக்யர் 1998-லிருந்தே ஆடுகிறார். ஸ்மித் 2003-ல் வந்தார், ஸ்லேட்டர் 2004-ல், தர்ஸ்டன் 2005-ல். தோற்ற வருஷங்களிலும் இவர்கள் இருந்தார்கள். 2011-ல் லாக்யர் ஓய்வு பெற்றார். 2012-லும் 2013-லும் அவர் இல்லாமல் ஜெயித்தார்கள். ஆட்டக்காரர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்துக் கணக்கு முடியாது என்கிறேன்.

இன்னொன்று. 2008 முதல் 2010 வரை நியூ சவுத் வேல்ஸ் கோச் கிரெய்க் பெல்லமி. 2011, 2012-ல் ரிக்கி ஸ்டூவர்ட். 2013-லிருந்து லாரி டேலி. மூன்று பேருமே மெனிங்காவோடு ரெய்டர்ஸில் ஒரே உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள். ஸ்டூவர்ட் பெரிய ஆட்டக்காரர், 2002-ல் பயிற்சியாளராக முதல் வருஷமே ரூஸ்டர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெல்லமி அந்த அணியில் நட்சத்திரம் இல்லை, ஓடாய்த் தேய்கிற ரகம். பயிற்சியாளராக மெல்பர்ன் ஸ்டார்மை 2003-லிருந்து அவர் நடத்துகிற விதத்துக்கு ஈடு இல்லை. புதிதாகச் சேர்கிற ஆட்டக்காரரை முதலில் ஒரு வாரம் கட்டட வேலை மாதிரி உடலுழைப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் அணிக்குள் எடுப்பார். வெல்டிங் செய்கிறவனுக்கு அது பிடிக்காமல் போகுமா? ஆனால் அந்தப் பெல்லமி மாநில அணியோடு மூன்று தொடரும் மெனிங்காவிடம் தோற்றார்.

எனக்குப் புரிந்தது இதுதான். கிளப் கோச் வருஷம் முழுக்கச் செதுக்குகிறவர். பயிற்சி, உணவு, ஒப்பந்தம், பதினெட்டு வயசுப் பையனின் டேக்கிள் எல்லாம் அவர் தலையில். மாநில அணி வருஷத்துக்கு மூன்றே ஆட்டம், ஆட்டத்துக்குச் சில நாள் முகாம். வருகிறவர்கள் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள். மற்ற மாதங்களில் வேறு வேறு கிளப்பில் ஒருவரோடொருவர் மோதுகிறவர்கள். அவர்களை ஒரே சட்டைக்குள் கொண்டுவர வேண்டும். அந்தச் சட்டையின் முதல் நாளில் இருந்தவர் மெனிங்கா. பக்கத்தில் உட்கார்ந்து 1980-ஐப் பற்றி அவர் பேசினால் போதும். செதுக்குகிற வேலையில் அவர் தடுமாறியது உண்மை. ஒன்று சேர்க்கிற வேலையில் அவருக்கு ஈடு இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

2015 தொடரின் கடைசி ஆட்டத்துக்குப் பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனேன். லாங் பார்க், ஜூலை 8. 52-6. குயின்ஸ்லாந்து கோச்சாக அவருடைய கடைசி ஆட்டம் அதுதான் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. ஆட்டக்காரராக முதல் ஆரிஜின் ஆட்டமும் கோச்சாகக் கடைசி ஆரிஜின் ஆட்டமும் அதே மைதானம், அதே பிறந்தநாள். திரும்பி ரயிலில் வரும்போது பெரியவன், "அப்பா, நீங்க திரும்ப வரலாம்ல?" என்றான். மறுவருஷம் போனேன். கோச்சாக இல்லை, சின்னவன் அணிக்குத் தண்ணி பாட்டில் தூக்குகிறவனாக. கோச் ஒரு பள்ளி ஆசிரியை. டேக்கிள் பாடத்தை முழங்காலிட்டு, நடை வேகத்தில், தலை எங்கே என்று ஒவ்வொரு பிள்ளையையும் வாயால் சொல்லவைத்துத்தான் தொடங்குவார். ஐந்து சீசன் பாட்டில் தூக்கினேன். அதற்கப்புறம்தான் மறுபடி ஒரு அணியை எடுத்தேன்.

மெனிங்கா அப்புறம் ஆஸ்திரேலிய அணியோடு 2017 லீக் உலகக்கோப்பையும் 2022-ல் நடந்த உலகக்கோப்பையும் ஜெயித்தார். 2023-ல் நியூசிலாந்திடம் 30-0 என்று தோற்றார், அதையும் மறைக்கவில்லை. 2027-ல் புதிதாக நுழைகிற பெர்த் பேர்ஸ் அணிக்கு அவர்தான் கோச். 2001-ல் விட்டுப்போன அதே கிளப் வேலை, அறுபத்தாறு வயசுக்கு மேல். அங்கே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காவிட்டாலும் மேலே எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். கருத்துப் பகுதியில் "லாக்யர் இருந்தாரே" என்று எழுத வருகிறவர்கள், 2003, 2004, 2005 பற்றி எழுதியிருப்பதை ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.