ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு எந்த போன்?

வணக்கம் நண்பரே. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், நாள் முழுக்க மேப் ஓடும், சாம்சங் எம்14 5ஜியா, ரெட்மி 12 5ஜியா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு சாம்சங்குக்கு.

காரணம் பேட்டரிதான். அதில் 6000 எம்ஏஎச், ரெட்மியில் 5000. என் மாமாவும் ஆட்டோதான். மதியம் இரண்டு மணி வெயிலில் ஹேண்டில் பக்கத்து ஸ்டாண்டில் போன் கொதிக்கும், சார்ஜ் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். சவாரி நடுவில் அணைந்துவிட்டால் அன்றைய வருமானமே போச்சு. அந்தக் கூடுதல் 1000 அங்கேதான் உதவும்.

ரெட்மியின் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 நல்ல சிப், போனும் கொஞ்சம் எடை குறைவு. அப்பா கேம் ஆடுபவராக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். கேமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: சாம்சங் பெட்டியில் சார்ஜர் வராது, 25 வாட் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் 4 ஜிபி ரேம் வேண்டாம், 6 ஜிபி எடுங்கள். சவாரி ஆப், மேப், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக ஓடும்போது 4 ஜிபி திணறும். இரண்டுமே 2023-இல் வந்தவை, அதனால் கடையில் சீல் பிரிக்காத பெட்டிதானா என்று பார்த்து வாங்குங்கள்.