தொடர்மாடிக் கதவுக் கார்ட் தொலைந்தால்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் கமராவும் கதவுப் பூட்டும் பொருத்துவது என் வேலை. முன்பு கொழும்புத் தொடர்மாடிகளிலும் இதே வேலைதான் செய்தேன். வன்னியில் தொடர்மாடி எங்கே இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். நம் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். இங்கேயும் விடுதிகள், அலுவலகங்களில் கார்ட் பூட்டு வந்துவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாங்குளத்திலிருந்து ஒரு அம்மா: மகன் வெள்ளவத்தையில் மூன்று பெடியங்களோடு வாடகைக்கு இருக்கிறான். வாசல் கார்டைத் தொலைத்துவிட்டான். தண்டம் கேட்பார்கள் என்று பயந்து யாருக்கும் சொல்லாமல், கூட இருப்பவனின் கார்டில் போய் வருகிறான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். சாதாரணக் கார்டுக்குள் இருப்பது ஒரு இலக்கம். கதவடியில் இருக்கும் கருவி அதை வாசித்து உள்ளே ஒரு பெட்டிக்கு அனுப்பும். அந்தப் பெட்டியின் பட்டியலில் இலக்கம் இருந்தால் கதவு திறக்கும். கையில் வைத்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. பட்டியலிலிருந்து இலக்கத்தை எடுத்துவிட்டால் கார்ட் எங்கே கிடந்தாலும் வெறும் பிளாஸ்டிக்தான். எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தண்டத்தைவிடப் பயப்பட வேண்டியது வேறொன்று. பெரிய கட்டடங்களில் எந்தக் கார்ட் எத்தனை மணிக்கு எந்தக் கதவைத் திறந்தது என்று பதிவாகும். தொலைந்த கார்டை எடுத்தவன் இரவில் வந்து ஒரு சைக்கிளைக் கொண்டுபோனாலும், பதிவில் வருவது உங்கள் மகனின் பெயர். ஆகவே முதலில் செக்கியூரிட்டிக்கும் முகாமை அலுவலகத்துக்கும், அப்புறம் வீட்டுச் சொந்தக்காரருக்கும் சொல்லட்டும். வாயால் சொன்னதோடு விடாமல் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் திகதியும் நேரமும் கையில் இருக்கும். புதுக் கார்ட் வாங்கும்போது, "பழைய இலக்கத்தை எடுத்துவிட்டீர்களா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பு: கொழும்பு வீட்டுக் கதவுக் கார்டோடு பேர்ஸும் போய்விட்டது. அடையாள அட்டை, வங்கி அட்டை எல்லாம் அதற்குள். எதை முதலில் செய்வது?

வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அடுத்தது கட்டடம். பிறகு பொலிஸ். அடையாள அட்டைப் பிரதிக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கும்போது பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். அந்த முறைப்பாட்டிலேயே கதவுக் கார்டையும் எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டையில் ஊர் விலாசம் இருப்பதால் எடுத்தவனுக்குக் கொழும்பு வீடு தெரியாது என்று நினைக்கலாம். பேர்ஸுக்குள் பார்சல் துண்டோ தண்ணீர் பில்லோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் கட்டடத்துக்குச் சொல்வதை ஒரு மணி நேரமும் தள்ளிப்போடாதீர்கள்.

வவுனியா: முகாமை புதுக் கார்டுக்கு அதிகக் காசு கேட்கிறது. நண்பனின் கார்டை வைத்துக் கடையில் நகல் அடிக்கலாம் என்கிறார்கள்.

அடிக்கலாம். 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரணக் கார்டென்றால் நகல் எடுப்பது மிகச் சுலபம். 13.56 மெகாஹேர்ட்ஸில் வரும் பழைய மைஃபெயார் கிளாசிக் வகைக் கார்டுக்குள் இருக்கும் இரகசியக் குறியாக்கத்தையும் 2008 இல் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் நகலில் இருக்கப்போவது உங்கள் நண்பனின் இலக்கம். அவன் கார்ட் தொலைந்து அதை நீக்கினால் நீங்களும் வெளியே நிற்பீர்கள். நீங்கள் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் அவன் வந்ததாகத்தான் பதிவாகும். தொலைந்த உங்கள் கார்டோ இன்னும் கதவைத் திறந்துகொண்டிருக்கும். காசைக் கட்டுங்கள் தம்பி.

கிளிநொச்சி, பெண்கள் விடுதி நடத்தும் அக்கா: கேற்றில் இலக்கம் அழுத்துகிற, கார்டும் வாசிக்கிற சின்னப் பூட்டு. ஒரு பிள்ளை கார்டைத் தொலைத்துவிட்டாள். கணினி இல்லை. எப்படி நீக்குவது?

இந்த வகைதான் நம் பக்கம் அதிகம். கேள்விகளும் இதைப் பற்றித்தான் கூட வருகின்றன. அனேகமான மாதிரிகளில் ஒவ்வொரு கார்டையும் சேர்க்கும்போது ஒரு வரிசை இலக்கம் கொடுக்கலாம். நான்காவதாகச் சேர்த்த கார்டென்றால் மாஸ்டர் இலக்கத்தை (பூட்டின் அமைப்பை மாற்றுவதற்கான இலக்கம்) அழுத்தி, நீக்கும் பகுதிக்குப் போய் 4 என்று கொடுத்தால் போதும். கார்ட் கையில் இருக்கத் தேவையில்லை. கார்டின் மேல் அச்சடித்த பத்து இலக்க எண்ணைக் கொடுத்து நீக்கும் மாதிரிகளும் உண்டு. எந்தப் பொத்தான் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், யாருக்கு எந்த வரிசை என்று பூட்டைப் பொருத்தியவர் எழுதித் தந்திருக்க மாட்டார். வரிசை இலக்கம், கார்டின் மேல் உள்ள எண் இரண்டையுமே எழுதி வைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிள்ளைகளை ஒரு பின்னேரம் கூப்பிட்டு, ஒவ்வொரு கார்டாகத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். அலுப்பான வேலை, ஆனால் செய்யத்தான் வேண்டும். அப்போதே ஒரு கொப்பியில் வரிசை இலக்கம், கார்ட் இலக்கம், பெயர் மூன்றையும் எழுதுங்கள். கொப்பி உங்களிடமே இருக்கட்டும். வைபர் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் சாதாரணக் கார்டுக்கு அந்த இலக்கம் தெரிந்தாலே இன்னொன்று செய்துவிடலாம்.

இன்னொன்று: 123456 மாதிரி பூட்டோடு வந்த மாஸ்டர் இலக்கத்தை மாற்றாமல் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் தொலைந்த கார்டைவிட அதுதான் அவசரம். பிள்ளைகள் எல்லாரும் அழுத்தும் பொது இலக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

முள்ளியவளை: ரொறன்ரோவில் மகள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் கதவுக் கார்ட் தொலைந்தது. சொந்தக்காரர் பெரிய தொகை கேட்கிறாராம்.

ஒன்ராறியோவின் வாடகைச் சட்டப்படி, தொலைந்த திறப்புக்கோ கார்டுக்கோ மாற்றுக் கொடுக்க உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் வாடகைக்காரரிடம் வாங்க முடியாது. கட்டட முகாமை சொந்தக்காரரிடம் எவ்வளவு வாங்கியது என்று பற்றுச்சீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த விதி அங்கே மட்டும். கொழும்பில் வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பரந்தன்: கார்ட் இல்லை, கரண்டும் இல்லை என்றால் கதவு திறக்குமா?

காந்தப் பூட்டு கரண்ட் இருந்தால்தான் பிடித்திருக்கும். கரண்டும் பற்றரியும் போனால் திறந்துவிடும்; தீ விபத்தில் ஆட்கள் உள்ளே அகப்படக் கூடாது என்பதற்காக அப்படி. 12 வோல்ட் பற்றரி நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். வேறு வகைப் பூட்டு கரண்ட் போனாலும் பூட்டியபடியே இருக்கும், அதற்குத் திறப்பு வேண்டும்.

மல்லாவி: இரவு பஸ்ஸில் போனால் விடியக் காலை நான்கு மணிக்கு வெள்ளவத்தை. மகனின் கார்ட் தொலைந்திருக்கும் நேரத்தில் நான் எப்படி உள்ளே போவது?

மகன் முதல் நாளே செக்கியூரிட்டியிடம் உங்கள் பெயரைக் கொடுத்து வைக்கட்டும். அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். அவர் வீட்டுக்கு அழைத்துக் கேட்டுத்தான் விடுவார், கோபிக்க வேண்டாம். யாராவது கதவைத் திறக்கும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு நுழையாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: தொலைந்த கார்ட் கழுவின காற்சட்டைப் பைக்குள் கிடைத்துவிட்டது. புதியதும் வாங்கியாச்சு. பழையது வேலை செய்யுமா?

தண்ணீர் அதை ஒன்றும் செய்திருக்காது, உள்ளே மூடித்தான் இருக்கிறது. ஆனால் இலக்கத்தை நீக்கியிருந்தால் திறக்கக் கூடாது. ஒருமுறை கதவில் வைத்துப் பாருங்கள். திறந்தால் முகாமை நீக்கவில்லை என்று அர்த்தம், உடனே போய்ச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, புதியதற்குக் கட்டியது திருப்பித் தரும் வைப்புப் பணமா என்று கேளுங்கள்.