எண்ணெயை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, சிகரெட் பழக்கமும் இருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ரீஃபைண்ட் எண்ணெயை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் செக்குத் தேங்காய் எண்ணெய்தான். வீடியோ பார்த்துவிட்டு தினமும் வெறும் வயிற்றில் இரண்டு பெரிய ஸ்பூன் குடிக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 68-லிருந்து 142 ஆகிவிட்டது. எந்த எண்ணெய்தான் நல்லது? நெய் சேர்க்கலாமா? இத்தனை வருடம் நான் சமைத்த எண்ணெயால்தான் அவருக்கு இப்படி ஆனதா? மற்றபடி நன்றாக இருக்கிறார். மாடி ஏறும்போது மட்டும் வாயு நெஞ்சை அடைக்கிறது, நின்று ஏப்பம் விட்டால் சரியாகிவிடுகிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்குப் படி ஏறும்போது நெஞ்சு அடைத்து, நின்றால் சரியாகிறது என்றால், அதை வாயு என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. வாயுவுக்குப் படி தெரியாது. உட்கார்ந்திருக்கும்போதும் வரும், படுத்தாலும் வரும். ஏறினால் வந்து, நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்குவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலியின் குணம். நின்றதால் வலி குறைகிறது. அதே நேரத்தில் ஏப்பமும் வருவதால் நல்ல பெயர் ஏப்பத்துக்குப் போய்விடுகிறது.

இன்றே அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பைக்கை அவர் ஓட்ட வேண்டாம், அதுவரை மாடியும் ஏற வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய ஈ.சி.ஜி., இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஓய்வாக இருக்கும்போதே அடைப்பு வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, குப்பென்று வியர்த்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ சோடாவோ வாயு மாத்திரையோ கொடுத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் வியர்வையுமாகவும் மாரடைப்பு வரும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம், சில மணி நேரம் கழித்து ஈ.சி.ஜி.யைத் திரும்ப எடுக்கவும் வேண்டியிருக்கும்.

மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையான ஸ்டாட்டினை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய அளவுக்கு ஏறிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு அது 55-க்குக் கீழே இருக்க வேண்டும். உடம்புவலி, சோர்வு என்றுதான் நிறுத்தினார் என்றால் அதையும் சொல்லட்டும். டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஓடுகின்றனவா என்று அட்டையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வீடியோக்காரருக்கு உங்கள் கணவரின் ஆஞ்சியோகிராமில் என்ன இருந்தது என்று தெரியாது.

இனி எண்ணெய். காலையில் குடிக்கும் அந்த இரண்டு ஸ்பூன் இன்றோடு நிற்கட்டும். இரண்டு பெரிய ஸ்பூன் என்பது 30 மில்லி. அவ்வளவு தேங்காய் எண்ணெயில் சுமார் 23 கிராம் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) இருக்கிறது. நாளுக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைகொழுப்பின் உச்ச வரம்பே 20 கிராம். இதய நோயாளிக்கு அதைவிடக் குறைவு. அவர் காலைக் காபிக்கு முன்பே அதைத் தாண்டிவிடுகிறார். தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது என்பது உண்மை. கூடவே எல்.டி.எல்.லையும் ஏற்றுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. செக்கில் ஆட்டினாலும் அந்தக் கொழுப்பு மாறாது.

அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். இரண்டிலும் நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். சூரியகாந்தி, தவிட்டெண்ணெய் இடையிடையே மாற்றிக்கொள்ளலாம். அவியலுக்கு மேலே ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயோ, பருப்புச் சாதத்துக்கு அரை டீஸ்பூன் நெய்யோ கெடுதல் இல்லை. ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் எடுக்கப் பயன்படும் ஹெக்ஸேன் என்ற ரசாயனம் சுமார் 69 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சுத்திகரிப்பில் எண்ணெய் 200 டிகிரிக்கு மேல் சூடாகிறது. செக்கெண்ணெய்தான் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், ஆனால் கடலையைப் பார்த்து வாங்குங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், அது செக்கெண்ணெயில் இறங்கிவிடும். பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் காசு கூடக் கொடுக்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

அளவில்தான் எல்லா வீட்டிலும் கணக்குத் தவறுகிறது. ஒருவருக்கு நாளைக்கு நான்கு டீஸ்பூன், மாதத்துக்கு 600 மில்லி. நான்கு பேர் என்றால் இரண்டரை லிட்டருக்குள். ஒன்றாம் தேதி அந்த அளவைத் தனி டப்பாவில் ஊற்றி வையுங்கள். இருபதாம் தேதியே காலியானால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். எண்ணெய்க் குடத்திலிருந்து குழிக்கரண்டியால் எடுப்பதை நிறுத்திவிட்டு டீஸ்பூன் போடுங்கள். அப்பளத்தைத் தணலில் சுடுங்கள். வடை பொரித்தே ஆக வேண்டும் என்றால் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காயாத எண்ணெயில் நிறையப் போட்டால் சூடு இறங்கி வடை எண்ணெயைக் குடித்துவிடும். மிஞ்சியதை வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். அதில் புது எண்ணெய் ஊற்றி மறுபடி பொரிக்காதீர்கள். நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, கறுத்தாலோ கீழே கொட்டுவதுதான் சரி. டால்டாவும் பேக்கரி பஃப்ஸும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

உங்கள் சமையலால்தான் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் நீங்கள் செய்த தோசை அவருடைய ரத்தக்குழாயை அடைக்கவில்லை. பதினோரு வருடச் சர்க்கரையும் சிகரெட்டும் அந்த வேலையைச் செய்யப் போதுமானவை. சிகரெட் 'இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். முழுமையாக விட்டுவிட்டாரா, எப்போதாவது ஒன்றா என்று இன்று டாக்டர் முன்னிலையிலேயே கேளுங்கள். ஸ்டாட்டினை மறுபடி தொடங்கிய ஆறு வாரம் கழித்து எல்.டி.எல். பாருங்கள்.