தானியக் கொள்முதல் பாக்கி பற்றி நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் ஏன் கேட்டார்கள்?

இந்திய உணவுக் கழகம் ஆதரவு விலைக்கு, அதாவது விவசாயிகளுக்கு அரசு உறுதியளிக்கும் விலைக்கு, நெல்லும் கோதுமையும் வாங்கி, ரேஷனுக்கு அடிமாட்டு விலையில் கொடுத்துவந்தது, இப்போது இலவசம். இடையில் விழும் துண்டை மத்திய அரசு ஈடுகட்ட வேண்டும். அதுதான் உணவு மானியம்; அது வராமல் நிற்பதே பாக்கி.

பட்ஜெட்டில் போதிய தொகை ஒதுக்காத ஆண்டுகளில், கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியில், அதாவது அஞ்சலகச் சேமிப்பு போன்றவற்றில் மக்கள் போட்ட பணத்தில், கடன் வாங்கியது. அப்பா மளிகைக்குப் பணம் தராமல், மகன் பேரில் பற்று எழுதச் சொல்வதுபோல: அப்பாவின் நோட்டு சுத்தம், கடன் குடும்பத்துக்கு. நிதிப் பற்றாக்குறையும் (கடன் நீங்கலான வரவை மிஞ்சும் அரசின் செலவு) குறைவாகத் தெரியும்!

கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் கிளறியது இதைத்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்விகளும் பாயும், சங்கடமே அங்கேதான். 2021-22 பட்ஜெட்டில் இந்தக் கடன் முறை கைவிடப்பட்டது.

‘உணவுக் கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது’ என்பார்கள். அதில் பெரும்பகுதி நஷ்டமல்ல, அரசு தர வேண்டிய மானியம்.